மனநலச் செவிலியர் பணியும் வெளிநாட்டு வாய்ப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி வழிகாட்டல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் பெங்களூரிலும் வளைகுடாவிலும் மனநல வார்டுகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆண் செவிலியர்; நமது மஹல்லாவைச் சேர்ந்தவர்.)

 

வெளிநாட்டில் நர்ஸ் வேலை என்னும் பொருளில் அரை மணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அது பரந்த தலைப்பு. ஆகவே அதனைக் குறுக்கி, நான் பணியாற்றிய துறையாகிய மனநலச் செவிலியத்தைப் பற்றி மட்டும் பேச அனுமதி பெற்றுக்கொண்டேன். நமது மஹல்லாவிலிருந்து அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூரில் பி.எஸ்ஸி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகி வருகிறார்கள். அவர்களிடம் எதில் சிறப்புப் பயிற்சி எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், ஐ.சி.யூ., டயாலிசிஸ், அறுவை அரங்கு என்று சொல்வார்கள். மனநலம் என்று சொன்ன பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தத் துறைக்கு நாட்டிலேயே தலைசிறந்த நிறுவனம் நமது ஊரின் பெயரைத் தாங்கிய சாலையிலேயே இருக்கிறது. பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நமக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான். மைசூர் சமஸ்தானத்து மனநோய் மருத்துவமனையாக இருந்த இடத்தில் 1954இல் அகில இந்திய மனநலக் கழகம் அமைக்கப்பட்டது. 1974இல் இரண்டும் இணைக்கப்பட்டு நிம்ஹான்ஸ் உருவானது. 2012ஆம் ஆண்டின் சட்டம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. செவிலியப் படிப்பை முடித்துப் பதிவு செய்தவர்கள் அங்கு ஓராண்டு மனநலச் செவிலியப் பட்டயம் பயிலலாம், எம்.எஸ்ஸி. படிப்பும் உண்டு. கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ரயிலில் வந்து பயின்று செல்கிறார்கள். காலையில் பேருந்து ஏறினால் வார்டு நேரத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய நாம் அந்த வாயிலைக் கடந்து வேறு கல்லூரிகளுக்குச் செல்கிறோம்.

காரணம் நாம் அனைவரும் அறிந்ததே. சென்னைப் பக்கத்தில் ஒருவரை இழிவாகப் பேச “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்பார்கள். நம் எல்லைப் பகுதியில் “நிம்ஹான்ஸ் கேஸ்” என்பார்கள். மருத்துவமனையின் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட இடத்தில், அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு நிக்காஹ் பேச வருபவர்கள் என்ன சொல்வார்களோ என்று தாய்மார்கள் அஞ்சுவதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அந்த அச்சத்திற்கு ஈடாக நாம் எதைக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. தர்காவுக்கு அழைத்துச் சென்ற குடும்பத்தார் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வேறு எங்கு கொண்டுசெல்வது என்று அறியாதவர்கள். அந்த விடுதியில் பயிற்சி பெற்ற செவிலியர் இருவர் இரவுப் பணியில் இருந்திருந்தால் சங்கிலிக்கு என்ன தேவை இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்தது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் மருந்தும் துஆவும் ஒருசேரக் கிடைக்க வழிசெய்த திட்டத்தைப் பின்பற்றி, ஏர்வாடியிலும் அத்தகைய ஏற்பாடு வந்தது.

வளைகுடாவில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். துபாயில் மனநல மருத்துவமனைக்கு “அல் அமல்” என்று பெயர்; ரியாதிலும் முன்பு அதே பெயர் இருந்தது. நோன்பு, தொழுகை பற்றி நாம் சொல்லும் அமல் வேறு. அது ‘ஐன்’ எழுத்தில் தொடங்குவது. இது ‘அலிஃப்’ எழுத்தில் தொடங்கும் சொல். நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள்படும். அங்கே மருத்துவமனைக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்கிறார்கள், இங்கே மருத்துவமனையின் பெயரை வைத்து ஏசுகிறோம்.

இனி பணியைப் பற்றி. மனநல வார்டில் செவிலியர் என்ன செய்கிறார்? ஊசியும் கட்டும் அங்கே குறைவு. தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரின் அருகில் அமர்ந்து இரவு முழுதும் கண்காணிப்பது, கொந்தளிப்பில் இருப்பவரைக் கைவைக்காமல் பேசியே அமைதிப்படுத்துவது, லித்தியம் உட்கொள்பவரின் கைந்நடுக்கத்தைக் கவனித்து இரத்த அளவு பார்க்கச் சொல்வது, க்ளோசபின் தொடங்கியவருக்கு வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று முதல் பதினெட்டு வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை தவறாமல் நடக்கச் செய்வது, மின்னதிர்ச்சி சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூச்சையும் நினைவையும் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் பணியின் பகுதிகள். ஆயினும் தலையாய கருவி செவிதான். நோயாளி என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை எழுதி வைப்பவர் செவிலியரே. அதைப் படித்துத்தான் மருத்துவர் மறுநாள் மருந்தை மாற்றுவார்.

இதனால்தான் சில நாடுகள் இதனைத் தனித் தொழிலாகவே பதிவு செய்கின்றன. பிரிட்டனில் செவிலியர் பதிவேட்டில் வயது வந்தோர், குழந்தைகள், கற்றல் குறைபாடு, மனநலம் என நான்கு பிரிவுகள் உள்ளன. இப்பிரிவுகள் வெறும் பெயரளவில் அல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தாமாகவே வந்து சேர்ந்து சிகிச்சை பெறும் ஒருவர் நள்ளிரவில் எழுந்து, நான் வீட்டுக்குப் போகிறேன் என்கிறார். அவர் வெளியே சென்றால் உயிருக்கு ஆபத்து. மருத்துவர் அருகில் இல்லை. அப்போது அச்சட்டத்தின் 5(4) பிரிவின்படி, அவரை ஆறு மணி நேரம் வரை நிறுத்தி வைக்கும் அதிகாரம் செவிலியருக்கு உண்டு. ஆனால் மனநலம் அல்லது கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிவு பெற்ற செவிலியருக்கு மட்டுமே உண்டு. வயது வந்தோர் பிரிவில் பதிவு பெற்றவர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவராயினும் அதைப் பயன்படுத்த இயலாது. ஒரு மனிதரின் சுதந்திரத்தை ஆறு மணி நேரம் பறிக்கும் பொறுப்பு செவிலியரின் கையெழுத்தில் இருக்கிறது என்றால், அங்கே ஏன் அவ்வளவு கடுமையாகத் தேர்வு வைக்கிறார்கள் என்பது விளங்கும்.

அந்தத் தேர்வு இரண்டு கட்டமாக நடைபெறும். முதலாவது கணினித் தேர்வு. இதனை நம் நாட்டிலிருந்தே எழுதலாம். இரண்டாவது ‘ஆஸ்கி’ எனப்படும் செய்முறைத் தேர்வு. இது பிரிட்டனில்தான் நடக்கும். பத்து நிலையங்களில் மதிப்பிடுதல், திட்டமிடுதல், நிறைவேற்றுதல், மீளாய்வு செய்தல் என்று வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். மனநலப் பிரிவுக்குத் தனி ஆஸ்கி உண்டு. அதன் கட்டணம் 2025 நிலவரப்படி 794 பவுண்டு; வேலைக்கு எடுக்கும் அரசு மருத்துவமனைகள் பெரும்பாலும் முதல் முறைக் கட்டணத்தைத் தாமே ஏற்கின்றன. நமது பி.எஸ்ஸி.யிலும் ஜி.என்.எம்.மிலும் மனநலம் ஒரு பாடமாகவும் சில வார வார்டுப் பயிற்சியாகவும் மட்டுமே இருப்பதால், எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதை அவர்களது கவுன்சிலின் விதிகளைப் பார்த்துத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஓராண்டுப் பட்டயமும் இரண்டாண்டு மனநல வார்டு அனுபவமும் கைவசம் இருந்தால், நேர்காணலில் பேசுவதற்கு ஏதேனும் இருக்கும்.

அயர்லாந்திலும் மனநலச் செவிலியருக்குத் தனிப் பிரிவு உள்ளது. பொதுச் செவிலியப் படிப்பு படித்தவர் பொதுப் பிரிவில்தான் பதிவு பெறுவார். மனநலப் பிரிவு வேண்டுமானால் அதற்கேற்ற பாட நேரத்தையும் பயிற்சி நேரத்தையும் காட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே மனநலத்திற்குத் தனிப் பதிவேடு கிடையாது. பொதுச் செவிலியராகப் பதிவு பெற்ற பின்னரே மனநலத்தில் தகுதி சேர்க்க வேண்டும். கனடாவைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அங்கே ‘ஆர்.பி.என்.’ என்ற மூன்றெழுத்துக்கு இரண்டு பொருள் உண்டு. மேற்கிலுள்ள மானிடோபா, சஸ்காட்செவான், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய நான்கு மாகாணங்களில் அது பதிவு பெற்ற மனநலச் செவிலியரைக் குறிக்கும். ஒன்டாரியோவிலோ அது பட்டயநிலைப் பொதுச் செவிலியரைக் குறிக்கும். அது வேறு வேலை, வேறு ஊதியம். விளம்பரத்தில் மூன்றெழுத்தைப் பார்த்தவுடன் பணம் கட்டிவிடாமல், எந்த மாகாணம் என்று முதலில் கேளுங்கள்.

வளைகுடாவில் மனநலத்திற்குத் தனிப் பதிவேடு இல்லை என்றாலும், அனுபவம் எந்த வார்டில் என்பதைத் துருவித் துருவிக் கேட்பார்கள். பொதுவாக இரண்டாண்டு அனுபவம் தேவைப்படும். சான்றிதழ்கள் ‘டேட்டாஃப்ளோ’ என்ற நிறுவனத்தின் வழியாக, நீங்கள் படித்த கல்லூரிக்கும் வேலை பார்த்த மருத்துவமனைக்கும் நேரடியாகவே அனுப்பிச் சரிபார்க்கப்படும். பொய்யான அனுபவச் சான்று அங்கே நிற்காது. ஒருமுறை பொய் என்று குறிக்கப்பட்டால் அந்தப் பெயர் எளிதில் துடைக்கப்படாது. எனவே, ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு மூன்று வருடத்துக்கு எழுதித் தரச் சொல்லும் பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளிடையே இருந்தால் பெற்றோர்கள் அதைத் தடுக்க வேண்டும்.

நமது எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியூர்ப் பேச்சாளர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பெங்களூரில் படித்து முடிக்கும் பிள்ளை கர்நாடக மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்கிறாள். பின்னர் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள மருத்துவமனையில் வேலைக்குச் சேர்கிறாள். தமிழ்நாட்டில் பணியாற்ற வேண்டுமானால் சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவை மாற்றிப் பெற வேண்டும். யாரும் கேட்கவில்லை என்று பலர் இதைச் செய்வதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தக் காலத்தில் நீங்கள் எந்த கவுன்சிலின் பதிவில் பணியாற்றினீர்கள் என்ற கேள்வி வரும். அப்போது இரண்டு தலைநகரங்களுக்கும் மாறி மாறி அலைய நேரும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு அலைச்சல் இரட்டிப்பு. ஜூஜுவாடிச் சோதனைச் சாவடியைக் கடக்கும் பேருந்துக்கு ஐந்து நிமிடமும் ஆகாது; அதே எல்லையை ஒரு காகிதம் கடக்கப் பல மாதங்கள் ஆகும். வேலையில் சேர்ந்த மாதத்திலேயே இதை முடித்துவிடுங்கள். கல்லூரியில் சேரும் முன்பே அது மாநில கவுன்சிலின் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் உள்ளதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். கல்லூரி நடத்துபவரின் வாய்மொழி உறுதியை நம்பி இலட்சக்கணக்கில் கட்டியவர்கள் இந்த மஹல்லாவிலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது பெயர். இது நம் சமுதாயத்திற்கே உள்ள தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முஹம்மது என்றும், ஆதாரில் மொகமத் என்றும், பாஸ்போர்ட்டில் சுருக்கமாக எம்.டி. என்றும் இருக்கும். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் பீ, கல்லூரியில் பேகம், நிக்காஹுக்குப் பின் கணவர் பெயர் என்று மூன்று பெயர் இருக்கும். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால் வரும்; கர்நாடகச் சான்றிதழில் அது பின்னால் போய்விடும்; பாஸ்போர்ட்டில் அதுவே தந்தையின் முழுப் பெயராக விரியும். இங்கே இருப்பவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் லண்டனிலோ ரியாதிலோ கணினி முன் அமர்ந்திருக்கும் அலுவலருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும் முன்பே பெயரின் எழுத்துகளை ஒன்றாக்கிவிடுங்கள். அந்த ஆண்டு கடந்துவிட்டால் அரசிதழ் அறிவிப்பு, பிரமாணப் பத்திரம் என்று அலைய வேண்டியிருக்கும்.

மொழி விஷயத்தில் நமக்கு ஒரு குறையும் ஒரு நிறையும் உண்டு. நிறையை முதலில் சொல்கிறேன். வீட்டில் உருது, தெருவில் தமிழ், சந்தையில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் நம்முடையவர்கள். நிம்ஹான்ஸின் வெளிநோயாளர் வரிசையில் இந்த நான்கு மொழி பேசுபவர்களும் நிற்பார்கள். நோயாளியின் தாய்மொழியிலேயே, என்ன உடன்பிறப்பே, இரவு தூங்கினீர்களா என்று கேட்கக்கூடிய செவிலியரின் மதிப்பு அந்த வார்டில் தனி. குறை ஆங்கிலத்தில் உள்ளது. பிரிட்டன் கவுன்சில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் தலா 7, எழுதுதலில் 6.5 கேட்கிறது. ஓ.இ.டி. தேர்வு எழுதுவோருக்கு முதல் மூன்றிலும் பி நிலை, எழுதுதலில் சி ப்ளஸ். மனநலப் பணிக்கு இந்த எண்களும் போதாது என்பது என் கருத்து. அறுவை வார்டில் நோயாளி வலி என்று கைகாட்டினால் போதும். மனநல வார்டில் முதியவர் ஒருவர் தம் வட்டார வழக்கில் முணுமுணுப்பது நகைச்சுவையா, சாக விரும்புவதன் குறிப்பா என்று பிரித்தறிய வேண்டும். படிக்கும் காலத்திலேயே நாளுக்கு அரை மணி நேரம் ஆங்கில வானொலி கேட்பது, தேர்வுக்கு முந்தைய மூன்று மாதப் பயிற்சி வகுப்பைவிடப் பயன் தரும்.

இப்போது பணம். வெளிநாடு அனுப்புகிறேன் என்று நம் ஊருக்கு வரும் ஏஜெண்டுகளைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை பதிவு செய்த ஒரு வழக்கை மட்டும் நினைவூட்டுகிறேன். குவைத் அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்வு செய்த நிறுவனமொன்று, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரிடமும் 19.5 இலட்சம் வாங்கியது என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டிலேயே மத்திய அரசு, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணியைச் செய்வது சென்னையிலுள்ள அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பதிவு பெற்ற தனியார் முகவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறெதுவும் சேவைக் கட்டணமாக வாங்கக் கூடாது என்பது விதி. முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பிரிட்டனின் அரசு விதிமுறையோ, வேலை தேடும் செவிலியரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதையே தடை செய்கிறது.

ஒரு புது வகை ஏமாற்றும் உண்டு. நர்ஸாகப் போக ஐ.இ.எல்.டி.எஸ். வேண்டும், அது கடினம், ‘கேர் ஒர்க்கர்’ விசாவில் போய்விடு, அங்கே போய் மாறிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பத்து, பதினைந்து இலட்சம் கேட்பார்கள். 2024 மார்ச் முதல் அந்த விசாவில் செல்பவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்றாயிற்று. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. செவிலியருக்கான விசா அதில் சேராது, அது தொடர்கிறது. ஆனால் அங்கும் வேகம் குறைந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிரிட்டன் பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டுச் செவிலியர் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதங்களை ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகியது. இங்கிலாந்து அரசு மருத்துவமனையில் புதிய செவிலியரின் ஆண்டு ஊதியம் 2025-26இல் 31,049 பவுண்டு. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். வரியும் வீட்டு வாடகையும் பவுண்டில்தான் கட்ட வேண்டும்.

ஆண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நான் இந்தத் தொழிலுக்குச் சென்றபோது, ஆம்பளை நர்ஸா என்று சிரிக்காதவர் இல்லை. மனநல ஆண்கள் வார்டுகளில் ஆண் செவிலியருக்கு எப்போதும் இடம் உண்டு. வளைகுடாவில் அது இன்னும் கூடுதல். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகும் பிளஸ் டூ அறிவியல் மாணவர்கள் சிலராவது இதை எண்ணிப் பார்க்கட்டும்.

வெளிநாடு அமையாவிட்டால் படிப்பு வீணாகுமா என்று முன்வரிசையில் ஒரு தந்தை இடைவேளையில் என்னிடம் கேட்டார். வீணாகாது. மாவட்ட மனநலத் திட்டம் உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை உள்ளது. அதன் தலைமை மையம் நிம்ஹான்ஸ்தான். குடி மறுவாழ்வு மையங்கள் உள்ளன. மூன்று ஷிப்டிலும் இளம்பெண்கள் உழைக்கும் தொழிற்சாலைகள் நம்மைச் சூழ்ந்துள்ளன; தூக்கமின்மையும் மனச்சோர்வும் அந்த விடுதிகளில் எவ்வளவு என்பதை அங்கே தங்கியிருக்கும் நம் பிள்ளைகளையே கேளுங்கள். ஊதியம் லண்டனைப் போல இராது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சான்றிதழ் நகல்களோடு வந்திருக்கும் பிள்ளைகள் அஸருக்குப் பிறகு மதரஸாவின் கீழ் அறைக்குப் பெற்றோரோடு வரலாம். பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கவுன்சில் பதிவுச் சான்றிதழ் மூன்றையும் ஒன்றாக வைத்து வாருங்கள். பெயர் மாறுபாடு உள்ளவர்களை முதலில் பார்க்கிறேன்.